வினையும் அதன் சுற்றமும்

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், எம்.ஃபில். பட்டம் பெற்ற கையோடு, ஒரு கல்லூரியின் தமிழ் விரிவுரையாளர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். குழுவில் இருந்த ஒருவர் என் ஆய்வேட்டின் பொருளை ஆங்கிலத்தில் கூறுமாறு பணித்தார். ‘இன் மை தீசிஸ் ஐ டிஸ்கஸ் அபௌட்...’ என்று தொடங்கினேன். அவர் புன்னகைத்தார். ‘அபௌட்?’ என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். உடனிருந்தோரும் நகைத்தனர். அதன்பின் நான் கூறியவை எனக்கே கேட்கவில்லை.

அந்த வேலை கிடைக்காமற் போனது பற்றி இன்று எனக்கு வருத்தமில்லை. ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின்னர் ‘அபௌட்’ ஏன் வரலாகாது என்பதை நகைத்தவர்களுள் ஒருவரேனும் கூறவில்லையே என்பதுதான் வருத்தம். பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்கு ஆங்கிலம் கற்பித்த நல்லாசிரியர்களும் அதனைக் கூறியதில்லை. அவர்கள் எனக்குச் சொற்பொருள் கற்பித்தார்கள், காலம் கற்பித்தார்கள், செய்வினை, செயப்பாட்டுவினை கற்பித்தார்கள். ஒரு வினைச்சொல் தன்னோடு யார் யாரை அழைத்து வரும் என்பதை மட்டும் கற்பிக்கவில்லை. நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் இடறுவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இதுவே என்பதும், இதனைக் களைவதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தவறு பிறக்கும் இடம்

சென்ற ஆண்டு மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி தான் எழுதிய ஆங்கில விண்ணப்பம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். தன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதற்பெண் அவள். அக்கடிதத்தில் ‘கைண்ட்லி எக்ஸ்ப்ளெய்ன் மி த ப்ரொசீஜர்’ என்று எழுதியிருந்தாள். ஆங்கிலப் பேராசிரியர் அதனைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். “கிவ் மி என்கிறோம், டெல் மி என்கிறோம், ஷோ மி என்கிறோம். எக்ஸ்ப்ளெய்ன் மி என்றால் மட்டும் ஏன் தவறு, ஐயா?” என்று கேட்டாள்.

இக்கேள்வியில் அறிவு இருக்கிறது, அறியாமை இல்லை. ‘எனக்குக் கொடு’, ‘எனக்குச் சொல்’, ‘எனக்குக் காட்டு’, ‘எனக்கு விளக்கு’ என நான்கு வினைகளுக்கும் தமிழ் ஒரே நான்காம் வேற்றுமையை வைத்துள்ளது. ஆங்கிலமோ முதல் மூன்றையும் ஓரமைப்பில் வைத்து, நான்காவதைப் பிரித்துவிடுகிறது. விளக்கப்படும் பொருளை ‘எக்ஸ்ப்ளெய்ன்’ நேராக ஏற்கும். விளக்கம் பெறும் ஆளை ‘டு’ என்னும் சொல்லின் துணையின்றி ஏற்காது. ‘எக்ஸ்ப்ளெய்ன் த ப்ரொசீஜர் டு மி’ என்பதே அங்கு வழக்கு. ‘சஜஸ்ட்’, ‘டிஸ்க்ரைப்’, ‘சே’ ஆகியனவும் அவ்வினத்தைச் சார்ந்தவை.

நம் மாணவர் எழுதும் பிழைகளைத் தொகுத்து நோக்கின், அவற்றுட் பல தமிழ் வேற்றுமை உருபுகளின் நிழல்களாக இருப்பது கண்கூடு. ‘அதனைப் பற்றி விவாதித்தோம்’ என்னும் தமிழின் நிழல் ‘டிஸ்கஸ் அபௌட்’. ‘அவருடன் திருமணம் நடந்தது’ என்பதன் நிழல் ‘மேரிட் வித் ஹிம்’. ‘கல்லூரியில் சேர்ந்தேன்’ என்பதன் நிழல் ‘ஜாயின்ட் இன் த காலேஜ்’. ‘சென்னைக்கு வந்து சேர்ந்தோம்’ என்பதன் நிழல் ‘ரீச்ட் டு சென்னை’. ஆங்கிலத்தில் இந்நான்கு வினைகளும் தம் செயப்படுபொருளை இடையில் யாரும் நில்லாமல் நேரடியாகவே தழுவுவன.

பிழைக்குத் தமிழ் மட்டுமே காரணம் என்பதற்கும் இல்லை. ஆங்கிலமே மாணவனை மயக்கும் இடமும் உண்டு. விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று எழுதாத மாணவர் அரியர். ‘ரிக்வெஸ்ட்’ பெயராக வருங்கால் ‘ஃபார்’ வேண்டும். வினையாக வருங்கால் வேண்டா. அவ்வாறே ‘டிஸ்கஷன்’ என்னும் பெயர் ‘அபௌட்’ ஏற்கும். ‘டிஸ்கஸ்’ என்னும் வினை ஏற்காது. இந்த நுட்பத்தை எவரும் கூறாதவிடத்து மாணவன் ஒப்புமை கொண்டு செல்கிறான். ஒப்புமை காண்பது அறிவின் இயல்பேயன்றிக் குற்றமன்று.

மூன்று மொழிகளில் ஒரு நியதி

வினை தனித்து வருவதில்லை என்பது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. ‘கேள்’ என்னும் நம் வினையைக் காண்க. ‘பாட்டைக் கேட்டான்’ எனின் செவிகொடுத்தல். ‘ஆசிரியரிடம் கேட்டான்’ எனின் வினவுதல். ‘கடைக்காரரிடம் கடன் கேட்டான்’ எனின் வேண்டுதல். வினை ஒன்றே, அதன் சுற்றத்தார் மாறப் பொருள் மாறுகிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்கெனத் தனி இயல்கள் வகுத்தார். இரண்டாம் வேற்றுமையை விளக்குமிடத்து வெறும் உருபைக் கூறி அவர் அமைந்தாரில்லை. அவ்வுருபு ஏற்கும் வினைப்பொருள்களைக் காத்தல், புகழ்தல், பழித்தல், பெறுதல், இழத்தல், கற்றல், அளத்தல், எண்ணுதல், அஞ்சுதல் என நிரல்படுத்தினார். அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஒருங்கே பொருந்தும் என்பதையும் வேற்றுமை மயங்கியலில் சுட்டினார். இன்ன பொருளுடைய வினை இன்ன உருபை நாடும் என்னும் இந்நோக்குத்தான் இன்று ‘வினையமைப்பு’ எனப்படுவது.

இளமையில் மத்ரஸாவில் அரபு இலக்கணம் ஓதியோர்க்கும் இது புதிதன்று. வினைகளை ‘லாஸிம்’ என்றும் ‘முதஅத்தீ’ என்றும், அதாவது செயப்படுபொருள் குன்றியது என்றும் குன்றாதது என்றும், முதற்கண் பிரித்துக் கற்பிப்பார்கள். ‘ரகிப’ என்னும் வினையோடு ‘ஃபீ’ சேர்ந்தால் விரும்பினான் என்று பொருள். அதே வினையோடு ‘அன்’ சேர்ந்தால் வெறுத்து விலகினான் என்று பொருள். ஓர் இடைச்சொல் மாற, விருப்பு வெறுப்பாகிவிடுகிறது. எங்கள் ஹஜ்ரத் இதனைக் கற்பித்தபோது, வினையை மட்டும் மனனம் செய்பவன் பாதியைத்தான் மனனம் செய்கிறான் என்பார். ஆங்கில வகுப்பில் எனக்குக் கிட்டாத பாடம் அது.

ஆங்கிலத்திலும் இத்தகைய மாற்றம் உண்டு. ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ எனின், பேசுவதற்காக நின்றான். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ எனின், பேசுவதை நிறுத்தினான். ‘ரிமெம்பர் டு லாக் த டோர்’ எனின், கதவைப் பூட்ட மறவாதே. ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ எனின், பூட்டியது நினைவிருக்கிறது. ‘போக விட்டார்’, ‘போக அனுமதித்தார்’ என்னும் இரண்டிலும் தமிழ் ‘போக’ என்னும் ஒரே எச்சத்தை வைக்கிறது. ஆங்கிலத்தில் ‘லெட் மி கோ’ என்பதில் ‘டு’ இல்லை. ‘அலவ்ட் மி டு கோ’ என்பதில் உண்டு. ‘மேட் மி வெய்ட்’ என்பதில் இல்லை. அதுவே செயப்பாட்டுவினையாக ‘ஐ வாஸ் மேட் டு வெய்ட்’ என வரும்போது உண்டு. இவற்றை அகராதிப் பொருள் கொண்டு ஊகித்தறிய எவராலும் இயலாது. வழக்கிற் கண்டே அறிதல் வேண்டும்.

வழக்கே சான்று

வழக்கிற் காண்பது எங்ஙனம்? இங்குத்தான் கடந்த நூறாண்டுகளில் நிகழ்ந்த ஓர் உழைப்பை நம் மாணவர் அறிதல் நலம்.

ஆங்கில வினையமைப்புகளை மாணவர்க்குரிய முறையில் வகுத்த பணி இங்கிலாந்தில் அன்று, ஜப்பானில் உருப்பெற்றது என்பது நினைவுகூரத் தக்கது. ஹெரால்டு பாமர் என்னும் அறிஞர் 1923இல் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தினார். அவர் வழியில் பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி என்னும் ஆசிரியர், இருவர் துணையோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை ஏற்று வெளியிட்டது. உலகெங்கும் ஆங்கிலம் பயில்வோர் கைகளில் தவழும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுவே. வினைகளை 25 அமைப்புகளாகப் பகுத்து, ஒவ்வொரு வினைக்கும் அதற்குரிய அமைப்பின் எண்ணைக் கொடுத்தது அவ்வகராதியின் சிறப்பு. 1954இல் அவர் இவ்வமைப்புகளை விளக்கித் தனி நூலும் எழுதினார். ‘டெல் மி’ என்பதைக் கேட்ட மாணவன் ‘எக்ஸ்ப்ளெய்ன் மி’ என்று சொல்ல நேர்வதை அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் சுட்டிக்காட்டியுள்ளார். ஜப்பானிய மாணவனும் நம் மாணவியும் ஒரே படியில்தான் இடறியிருக்கிறார்கள். ஹார்ன்பி அந்தப் படியில் விளக்கேற்றி வைத்தார்.

அடுத்த பெருமுயற்சி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1980இல் ஜான் சிங்ளேர் தலைமையில் தொடங்கியது. ஆசிரியர் தம் மனத்திற் புனைந்த எடுத்துக்காட்டுகளை ஒதுக்கிவிட்டு, மக்கள் உண்மையில் எழுதியவற்றையும் பேசியவற்றையும் இலட்சக்கணக்கான சொற்களாகக் கணினியில் தொகுத்து, அவற்றிலிருந்தே அகராதி செய்வது என முடிவு செய்தனர். ‘கோபில்ட்’ எனப்படும் அவ்வகராதி 1987இல் வெளிவந்தது. 1996இல் வினையமைப்புகளுக்கென்றே தனி நூல் வந்தது. அமைப்பும் பொருளும் உறவுடையன என்பது அவர்கள் கண்டுணர்ந்த உண்மை. சான்றாக, ‘ஷி டாக்ட் ஹிம் இன்டு ஸ்டேயிங்’ எனின், அவள் பேசி அவனை இருக்கச் செய்தாள். ‘தே டிரிக்ட் ஹிம் இன்டு சைனிங்’ எனின், அவர்கள் ஏமாற்றி அவனைக் கையெழுத்திடச் செய்தார்கள். ‘ஃபோர்ஸ்’ என்னும் வினையும் இவ்வமைப்பில் வரும். பேச்சாலோ சூழ்ச்சியாலோ வலிமையாலோ ஒருவரை ஒன்று செய்ய வைத்தல் என்னும் பொருளே இவற்றை ஒரு குடும்பமாக்குகிறது.

வினைப்பொருள்களை உருபின் கீழ்த் தொகுத்த தொல்காப்பியர் நெறியும் இதுவும் ஒரு திசையில் நோக்குவன. எல்லாம் எம்மிடம் முன்பே உண்டு என்று பெருமை பேசுவது என் கருத்தன்று. வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து தொல்காப்பியம் செய்யப்பட்டதாக அதன் பாயிரம் கூறுகிறது. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ஸீபவைஹி, பாரசீகத்திற் பிறந்தவராயினும், பாலைவன அரபியரின் உண்மைப் பேச்சைச் சான்றாகக் கொண்டே அரபு இலக்கணம் வகுத்தார். மொழியை அறிய விரும்புவோன் முதலில் செவிசாய்க்க வேண்டும் என்னும் ஒரே அறத்தை இம்மூவரும் போற்றினர் என்பதே ஈண்டு நான் வலியுறுத்துவது.

நம் வழக்கும் வழக்கன்றோ?

இங்கு நுண்ணறிவுடைய மாணவர் ஒரு வினா எழுப்பலாம். “வழக்கே நீதிபதி எனின், நாம் வழங்குவதும் வழக்குத்தானே? இந்தியர் பலரும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்கின்றனர். பிறகு அது எப்படிப் பிழையாகும்?”

இவ்வினாவைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. இந்திய ஆங்கிலம் ஆய்வுக்குரியது என்பதை அறிஞர் ஏற்றுள்ளனர். கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி தலைமையில், 1978ஆம் ஆண்டு இந்தியாவில் அச்சான ஆங்கில எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் சொற்கள் கணினிக்கெனத் தொகுக்கப்பட்டன. முன்கூட்டி நடத்துதல் என்னும் பொருளில் நாம் வழங்கும் ‘ப்ரீபோன்’ இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்றுள்ளது. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட பிற நாடுகளிலும் செவிப்படுவதே. ஆகவே அவ்வாறு பேசுவோனை எள்ளி நகையாடுவதற்கு எவர்க்கும் உரிமையில்லை.

எனினும், ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் அவை உண்டு. வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழைத் தேர்வுத் தாளில் எழுதலாமா என்று கேட்டால், கூடாது என்கிறோம். அதனால் திண்ணைத் தமிழ் இழிந்தது என்று ஆகிவிடாது. அவ்வாறே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விண்ணப்பத்திலும், ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையிலும், பொது ஆங்கிலத்தின் வினையமைப்பு வேண்டப்படுகிறது. மாணவன் இரண்டையும் அறிந்து தேர்ந்தெடுத்தால் அது உரிமை. ஒன்றை மட்டுமே அறிந்து மற்றொன்றில் இடறினால் அது இழப்பு. அந்த இழப்பைப் பெரும்பாலும் சுமப்பவர் யார்? ஆங்கிலம் வீட்டில் ஒலிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இவ்வமைப்புகளைச் செவி வழியே பெற்றுவிடுகின்றனர். தமிழ்வழியில் படித்து, தந்தை கடலிலோ கடைத்தெருவிலோ வளைகுடா நாட்டிலோ உழைக்க, முதற்பட்டம் பெற வரும் நம் பிள்ளைகளே இழக்கின்றனர். அவர்க்கு இதனைக் கற்பியாமல் விட்டுவிட்டு, நேர்முகத் தேர்வில் நகைப்பது அறமன்று.

செய்யத் தக்கன

இத்துறையில் எளிய சில பணிகளை நாம் உடனே தொடங்கலாம்.

முதலாவது, சொற்பொருள் எழுதும் முறையை மாற்றுதல். ‘எக்ஸ்ப்ளெய்ன் – விளக்கு’ என்று எழுதி நிறுத்தாமல், ‘எக்ஸ்ப்ளெய்ன் – ஒன்றை – ஒருவருக்கு – டு வேண்டும்’ என்று முழுக் குடும்பத்தோடு எழுதுதல் வேண்டும். ‘டிஸ்கஸ் – ஒன்றை – அபௌட் வேண்டா’ என்பது போல. ஒரு வரிதான், ஆனால் அந்த ஒரு வரி எனக்கு அன்று கிடைத்திருந்தால் நான் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது, ஒவ்வொரு மாணவரும் ஒரு வினைக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல். நாளுக்கு ஒரு வினை. அவ்வினை வந்துள்ள மூன்று வாக்கியங்கள். அவற்றைத் தாமே புனைதல் கூடாது. நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ எடுத்தெழுத வேண்டும். ஓராண்டில் முந்நூறு வினைகளைக் கடந்துவிடலாம். இன்று இதற்குக் கணினியும் துணை. 1994இல் நிறைவுற்ற பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் 10 கோடிச் சொற்கள் உள்ளன. மார்க் டேவிஸ் 2008இல் வெளியிட்ட தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு 100 கோடிச் சொற்களைக் கடந்துவிட்டது. ஐயமுறும் வினையை அங்குத் தேடினால், அது வந்துள்ள வாக்கியங்கள் வரிசையாக வந்து நிற்கும். கைப்பேசி மொழிபெயர்த்துத் தரும் வாக்கியத்தை அப்படியே படியெடுப்பவன் விடையைப் பெறுகிறான். வாக்கியங்களை வரிசையாக நோக்குபவன் விதியைப் பெறுகிறான்.

மூன்றாவது, தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரே வகுப்பில் அமர்தல். வேற்றுமை உருபு கற்பிக்கும் நான், ‘நான்காம் வேற்றுமை’ என்று கூறும்போதே, இவ்வுருபு ஆங்கிலத்தில் எவ்வெவ்வாறு பிரிகிறது என்று காட்டினால், மாணவர்க்கு இரண்டு இலக்கணமும் ஒருசேர விளங்கும். தமிழ் இலக்கணம் எதற்குப் பயன்படும் என்று கேட்போர்க்கும் அதுவே விடையாகும்.

நான்காவது, நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாக்களில் கேடயங்களும் பொன்னாடைகளும் வழங்குகிறீர்கள். அவற்றோடு, தமிழ்வழி பயின்று முதலாண்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வினையமைப்பைச் சுட்டும் மாணவர் அகராதி ஒன்றினை வழங்குங்கள். ஒரு விருந்தின் செலவில் ஒரு வகுப்பு முழுதும் பயன்பெறும்.

நிறைவாக, அந்த மாணவியின் செய்தி. அன்று அவளது கடிதத்தில் ‘டு மி’ என்று திருத்தியதோடு நான் விடவில்லை. ‘எனக்கு விளக்குங்கள்’ என்னும் தமிழ் வாக்கியத்தையும் அதன் கீழ் எழுதச் சொன்னேன். இரண்டையும் சிறிது நேரம் உற்றுநோக்கினாள். “அப்படியானால் நான் ஆங்கிலத்தில் தவறு செய்யவில்லை, ஐயா, தமிழைச் சரியாக எழுதியிருக்கிறேன், ஆங்கிலச் சொற்களால்” என்றாள். இருபது ஆண்டுகளாக என் நெஞ்சிற் கிடந்த முள்ளை அச்சொல் எடுத்துவிட்டது. அடுத்த வாரமே அவள் தோழியர் நால்வர் குறிப்பேடுகளோடு என் அறைக்கு வந்தனர். அவர்கள் கொண்டுவந்த முதல் வினை ‘சஜஸ்ட்’. அதன் சுற்றத்தாரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.